இளம் முல்லைக் கொடியில் இலைக் கோளாறுகள்: மருந்து அடிக்குமுன் பார்க்க வேண்டியவை

செஞ்சி என்றதும் எவருக்கும் கோட்டைதான் நினைவுக்கு வரும். ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்னும் மூன்று குன்றுகளை மதிலால் இணைத்துக் கட்டிய அந்தக் கோட்டை, 2025 ஜூலையில் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களின் பட்டியலில் சேர்ந்தது. மராட்டியர் காலப் படைத்தலங்கள் என்ற வரிசையில் இடம்பெற்ற பன்னிரண்டு கோட்டைகளில் தமிழ்நாட்டில் உள்ளது இது ஒன்றுதான். திண்டிவனத்திலிருந்து திருவண்ணாமலைக்குப் பஸ்ஸில் போகிறவர்கள் ஜன்னல் வழியே அந்தப் பாறைக் குன்றுகளைப் பார்த்து வியப்பார்கள். குன்றின் அடிவாரத்தில், நெல்லுக்கும் மணிலாவுக்கும் நடுவே, கிணற்றுப் பாசனத்தில் கால் ஏக்கரும் அரை ஏக்கருமாக இருக்கும் பூந்தோட்டங்கள் அவர்கள் கண்ணில் படுவதில்லை.

நெல்லும் மணிலாவும் பருவத்துக்கு ஒருமுறை பணம் தரும். பூ நாளுக்கு நாள் பணம் தரும். அமாவாசை இரவுகளில் மேல்மலையனூர் அங்காளம்மன் கோயிலுக்குக் கூட்டம் கூடும்போது பூவின் விலையும் கூடும். அந்த நம்பிக்கையில்தான் சிறு விவசாயி தன் கிணற்றடி நிலத்தில் முல்லை வைக்கிறார். ஒருமுறை நட்டுவிட்டால் பத்தாண்டுக்கு மேல் பலன் தரக்கூடிய கொடி இது. நட்ட முதல் ஆண்டில் கொடி தேறுகிறதா, தேங்குகிறதா என்பதைப் பொறுத்தே பிந்தைய ஆண்டுகளின் வருமானம் அமையும். ஆகவே முதல் ஆண்டில் இலையில் ஏற்படும் மாற்றங்களை விவசாயிகள் அலட்சியம் செய்யக் கூடாது. அதேசமயம் அவற்றைக் கண்டு அவசரப்படவும் கூடாது.

பெரும்பாலான விவசாயிகள் கையில் ஓர் இலையைக் கிள்ளி எடுத்துக்கொண்டு கடைக்குப் போகிறார்கள். "இதுக்கு என்ன மருந்து அடிக்கலாம்?" என்பதுதான் முதல் கேள்வி. கடைக்காரர் ஒரு பூச்சிக்கொல்லியையும் ஒரு பூசணக்கொல்லியையும் சேர்த்துக் கொடுத்துவிடுவார். இரண்டில் ஒன்று கேட்கும் என்பது அவர் கணக்கு. இலை என்பது கோளாறு வெளியே தெரியும் இடமே தவிர, கோளாறு பிறந்த இடம் அதுவாகவே இருக்க வேண்டும் என்பதில்லை. காரணம் இலையின் அடிப்புறத்தில் இருக்கலாம், வேரில் இருக்கலாம், மண்ணிலும் தண்ணீரிலும் இருக்கலாம், பக்கத்து வயல்காரர் அடித்த களைக்கொல்லியிலும் இருக்கலாம். எது என்று தெரியாமல் அடிக்கும் மருந்துக்கு ஆகும் செலவு வீண். அதோடு தீமையும் உண்டு. எப்படி என்பதைப் பின்னர் சொல்கிறேன்.

நல்ல இலை எப்படி இருக்கும் என்று தெரிந்தால்தான் கெட்ட இலையை அடையாளம் காண முடியும். குண்டுமல்லிக்குத் தனி இலை. ஜாதிமல்லி எனப்படும் பிச்சிக்கு ஒரே காம்பில் பல சிற்றிலைகள். முல்லைக்கு ஒரு பெரிய சிற்றிலையும், அதன் அடியில் இரு பக்கமும் காதுபோல் இரண்டு மிகச் சிறிய சிற்றிலைகளும் இருக்கும். சில இலைகளில் அந்தக் காதுகள் இல்லாமலும் போகும். முல்லையின் விஞ்ஞானப் பெயரிலேயே காதுடையது என்ற பொருள் உண்டு. இதைச் சொல்லக் காரணம், புதிதாக முல்லை வைத்த சிலர் இந்தச் சிறு காதுகளைப் பார்த்துவிட்டு, இலை சிறுத்துப்போகும் நோய் வந்துவிட்டதாகப் பயந்து மருந்து அடிப்பதுண்டு. அது கொடியின் இயல்பு; அதற்கு வைத்தியம் வேண்டாம்.

பார்க்கும் முறை

காலை ஏழு மணிக்குள் தோட்டத்துக்குப் போவது நல்லது. வெயில் ஏறிவிட்டால் நல்ல கொடியும் சற்று வாடித்தான் தெரியும், பூச்சிகளும் ஒளிந்துகொள்ளும். கையில் ஒரு வெள்ளைத் தாள், ஒரு பேனாக்கத்தி, பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும் ஒரு கைலென்சு, இவை போதும். கடிகாரம் பழுது பார்ப்பவர் கண்ணில் இடுக்கிக்கொள்ளும் லென்சு கிடைத்தாலும் சரிதான்.

முதலில் கொடியிடம் போகாமல் வரப்பில் நின்று தோட்டம் முழுவதையும் பார்க்க வேண்டும். பாதிப்பு திட்டுத்திட்டாக இருந்தால் மண்ணிலோ வேரிலோ சந்தேகம் கொள்ளலாம். தோட்டம் முழுவதும் ஒரே சீராக வெளுத்திருந்தால் உரமோ தண்ணீரோ காரணமாகலாம். ஒரு பக்கத்து வரப்பையொட்டி மட்டும் இருந்து, உள்ளே போகப்போகக் குறைந்தால் காற்று கொண்டுவந்த ஏதோ ஒன்று. அங்கொன்றும் இங்கொன்றுமாக இருந்தால் நாற்றோடு வந்த நோயா என்று பார்க்க வேண்டும்.

அடுத்து, பாதிப்பு முதிர்ந்த இலையிலா கொழுந்திலா என்பதைக் கவனிக்க வேண்டும். பிறகு இலையைத் திருப்பிப் பார்க்க வேண்டும். நம் விவசாயிகளில் பத்துக்கு எட்டுப் பேர் செய்யாமல் விடுவது இந்த ஒன்றைத்தான். இலையின் மேற்புறத்தை மட்டும் பார்ப்பது வீட்டின் கூரையைப் பார்த்துவிட்டு உள்ளே யார் இருக்கிறார் என்று சொல்வது போன்றது. கடைசியாக, மண்ணை ஒதுக்கித் தண்டின் அடியையும், தேவைப்பட்டால் ஒரு கொடியைத் தோண்டி வேரையும் பார்க்க வேண்டும். ஒரு கொடி போனால் போகட்டும். அது மற்ற கொடிகளைக் காப்பாற்றும்.

வெண்மயிர்: நோயா, பூச்சியா?

செஞ்சிக்கு அருகே ஒரு தோட்டத்தில் மாசி மாதம் பார்த்த காட்சி இது. முந்தின ஆடியில் நட்ட முல்லை. கொழுந்து இலைகளின் மீதும் இளந்தண்டிலும் வெள்ளை வெள்ளையாகக் கம்பளித் துணுக்கு ஒட்டியதுபோல் இருந்தது. இலைகள் சுருங்கி நெளிந்திருந்தன. கொடி ஓட்டம் நின்றுவிட்டது. தோட்டக்காரர் அதைச் சாம்பல் நோய் என்று முடிவுகட்டி, கார்பன்டசிம் பூசணக்கொல்லியை இரண்டு முறை அடித்திருந்தார். அது கேட்கவில்லை என்றதும் காட்டமான பூச்சிக்கொல்லி ஒன்றையும் அடித்துப் பார்த்துவிட்டார்.

"மூணு தபா அடிச்சாச்சுங்க ஐயா. வெள்ளை போவல" என்றார்.

அவர் மனைவி கொஞ்சம் தள்ளி நின்றுகொண்டிருந்தார். "பூசணம்னா தொடச்சா கையில வரணுமில்லீங்க? சுரைக்கொடியில வர்றது வருதே. இது தொடச்சா வரவே மாட்டேங்குது. எலையிலயே மொளச்ச மாதிரி இருக்குது" என்றார் அந்த அம்மாள்.

அவர் சொன்னது முற்றிலும் சரி. நோயறியும் முறையை அவர் தாமே கண்டுபிடித்திருந்தார். சாம்பல் நோய் என்பது இலையின் மேல் படரும் பூசணம். விரலால் துடைத்தால் மாவு போல் ஒட்டிக்கொண்டு வரும். முல்லையில் காணும் இந்த வெண்மயிர் இலையிலேயே முளைத்தது. கண்ணுக்குத் தெரியாத ஒருவகைச் சிலந்திப்பேன் சாற்றை உறிஞ்சும்போது, அதன் எச்சில் பட்ட இடத்தில் இலையின் தோல் இப்படி மயிர் மயிராக வளர்ந்துவிடுகிறது. அந்த மயிர்க்காட்டுக்குள் பேன் பத்திரமாகக் குடியிருக்கிறது. வெளியே அடிக்கும் மருந்து உள்ளே போய்ச் சேருவதும் கடினம்.

இதை முல்லையின் முடிச்சுச் சிலந்தி என்பார்கள். மற்றச் சிலந்திப்பேன்களுக்கு எட்டுக் கால். இதற்கு நான்கே கால். உடல் கேரட் கிழங்குபோல் நீண்டு, ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவாக இருக்கும். கைலென்சிலும் சிரமப்பட்டுத்தான் தெரியும். ஆகவே பேனைத் தேட வேண்டாம். துடைத்தால் வராத வெண்மயிரும் நெளிந்த கொழுந்தும் சேர்ந்திருந்தால் அதுவே போதிய அடையாளம். அரும்புகளிலும் இது தாக்கும்; தாக்கிய கிளையில் பூ மிகக் குறைவாகவே வரும்.

இதற்குக் கார்பன்டசிம் கேட்காது. அது பூசணத்துக்கான மருந்து. புழுவுக்கும் அசுவினிக்கும் அடிக்கும் பூச்சிக்கொல்லிகளும் பெரும்பாலும் பயன் தருவதில்லை. செய்ய வேண்டியது இதுதான். தாக்கப்பட்ட நுனிகளை வெட்டி, தோட்டத்தில் போட்டுவிடாமல் சாக்கில் சேர்த்து எடுத்துப்போய் எரித்துவிட வேண்டும். வெட்டிய பின் நனையும் கந்தகத் தூளை லிட்டருக்கு 2 கிராம் வீதம் கலந்து, இலையின் இரு புறமும் கொழுந்தும் நன்கு நனையுமாறு தெளிக்க வேண்டும். பதினைந்து நாள் கழித்துப் புதுத்துளிரில் வெண்மயிர் தெரிந்தால் மட்டும் மறுமுறை தெளித்தால் போதும். பழைய இலையில் உள்ள மயிர் மறையாது. அதைப் பார்த்துவிட்டு மருந்து வேலை செய்யவில்லை என்று நினைக்க வேண்டாம். வேலை செய்ததா என்பதைப் புதுத்துளிர்தான் சொல்லும்.

கந்தகத்தில் ஓர் எச்சரிக்கை. பாறை சுட்டெரிக்கும் சித்திரை, வைகாசி வெயிலில் அதைத் தெளித்தால் இலை கருகும். வெப்பம் 35 டிகிரிக்கு மேல் போகும் நாட்களில் தவிர்க்க வேண்டும். வேப்பெண்ணெய் போன்ற எண்ணெய் மருந்து தெளித்திருந்தால் இரண்டு வாரம் இடைவெளி விடாமல் கந்தகம் தெளிக்கக் கூடாது.

இந்தப் பேன் காற்றிலும் பரவும், கிளை வெட்டும் கத்தி, வேலையாட்களின் துணி இவற்றோடும் பரவும். ஆனால் தொலைதூரம் போவது நாற்றோடுதான். ஆகவே வெண்மயிர் உள்ள தோட்டத்திலிருந்து பதியனோ குச்சியோ எடுக்கக் கூடாது. இதைத் தாங்கும் தன்மை உள்ள இரகமும் இருக்கிறது. கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகம் 1970-களின் தொடக்கத்தில் வெளியிட்ட பாரிமுல்லை அது. தேரைக் கொடுத்த பாரியின் பெயரை வைத்தார்கள். பறம்புமலை வள்ளல் கொடுத்த தேர் கொடி படருவதற்கு உதவியிருக்கும். நம் தோட்டத்து முல்லையைக் கவாத்து செய்து புதராகவே வைத்துக்கொள்வதால் நமக்குத் தேரும் வேண்டாம், பந்தலும் வேண்டாம். பின்னர் வந்த கோ 1, கோ 2 முல்லைகள் அதிக மகசூல் தருகின்றன. எனினும் சுற்றுவட்டாரத்தில் முடிச்சுச் சிலந்தி தொல்லை மிகுந்திருந்தால், மகசூலில் சற்றுக் குறைந்தாலும் பாரிமுல்லையை நடுவதே என் யோசனை.

சிவப்புச் சிலந்தி

இது வேறொரு பேன். கோடையில், தண்ணீர் பற்றாத தோட்டத்தில், சாலைப் புழுதி படியும் ஓரக் கொடிகளில் முதலில் தோன்றும். இலையின் மேற்புறத்தில் ஊசியால் குத்தியதுபோல் மஞ்சள் புள்ளிகள். பிறகு இலை முழுதும் வெளிறி உதிரும். இலையைத் திருப்பினால் மெல்லிய நூலாம்படையும், அதனுள் நகரும் செம்புள்ளிகளும் தெரியும். கண் சரியாகத் தெரியாதவர்கள் கிளையின் கீழே வெள்ளைத் தாளைப் பிடித்துக்கொண்டு கிளையைத் தட்டினால் போதும். தாளில் விழுந்த புழுதி ஊர்ந்து போனால் அது புழுதி அல்ல.

தீமை என்று முன்னே சொன்னேனே, அது இங்கேதான். சிவப்புச் சிலந்தியைத் தின்று வாழும் சிறு கருநிறப் பொறிவண்டுகளும், வேறு நல்ல சிலந்திப்பேன்களும் தோட்டத்தில் உண்டு. பல பூச்சிகளையும் ஒருசேரக் கொல்லும் மருந்தைத் தேவையின்றி அடித்தால் முதலில் சாவது அவைதான். சிவப்புச் சிலந்தி தப்பிவிடும். எதிரி இல்லாத இடத்தில் அது இரண்டே வாரத்தில் பல மடங்காகப் பெருகும். "மருந்து அடித்த பிறகுதான் அதிகமாயிற்று" என்று விவசாயிகள் குறைப்படுவது பொய்யல்ல. ஆரம்ப நிலையில் தண்ணீரையே இலையின் அடிப்புறத்தில் விசையோடு பீய்ச்சி அடித்தாலும் நல்ல பலன் உண்டு. நனையும் கந்தகம் இதற்கும் கேட்கும். பாசனத்தைக் காயவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மஞ்சள் இலை: வேறு வேறு காரணங்கள்

இளங்கொடியில் அதிகமாகக் குழப்பம் தருவது மஞ்சள் நிறம்தான். மஞ்சளைக் கண்டதும் யூரியா வைப்பவர்கள் உண்டு. சில வேளை அது சரியாக இருக்கும். பல வேளை இராது.

அடியில் உள்ள முதிர்ந்த இலைகள் முதலில், நரம்பு உட்பட முழுதும் வெளுத்து மஞ்சளானால் தழைச்சத்துக் குறைவு. செஞ்சிப் பகுதியின் செம்மண்ணில் இது சாதாரணம். தொழுவுரமும் பிரித்துக் கொடுக்கும் உரமும் அதைச் சரிசெய்துவிடும். வளர்ந்த கொடிக்கு ஆண்டுக்குத் தழை 60, மணி 120, சாம்பல் 120 கிராம் சத்துகளை இரண்டு தவணையாகக் கவாத்துக்குப் பின்னும், ஆனி, ஆடியிலும் இடுவது பரிந்துரை. முதல் ஆண்டுக் கொடிக்கு அவ்வளவும் தேவையில்லை.

கொழுந்து இலை மஞ்சளாகி, நரம்பு மட்டும் பச்சையாகக் கோலம் போட்டதுபோல் நின்றால் இரும்புச்சத்துக் குறைவு. மண்ணில் இரும்பு இல்லாமல் போவதில்லை. செம்மண்ணின் சிவப்பே இரும்புதான். அதைக் கொடி எடுத்துக்கொள்ள முடியாமல் போவதுதான் கோளாறு. கிணறு வெட்டியபோதோ குழி எடுத்தபோதோ மேலே வந்த சுக்கான் மண் கலந்த இடத்திலும், களர் நீர் பாயும் இடத்திலும், மழைக்காலத்தில் குழியில் தண்ணீர் தேங்கும் இடத்திலும் இது வரும். இதற்கு யூரியா வைத்தால் ஒன்றும் ஆகாது. அன்னபேதி உப்பை லிட்டருக்கு 5 கிராம் வீதம் கலந்து, கொஞ்சம் எலுமிச்சைச் சாறும் விட்டு, மாலையில் தெளிக்க வேண்டும். முதலில் நான்கைந்து கொடிகளுக்கு மட்டும் தெளித்துப் பாருங்கள். ஒரு வாரம் பத்து நாளில் அவற்றின் கொழுந்து மட்டும் பச்சை பிடித்தால், உங்கள் சந்தேகம் சரி. மாதம் ஒருமுறை, நிறம் திரும்பும்வரை தெளிக்கலாம். நீர் தேங்குவதாக இருந்தால் முதலில் வடிகால் வெட்ட வேண்டும். அதை விட்டுவிட்டுத் தெளிப்பதில் அர்த்தமில்லை.

மூன்றாவது வகை திட்டுத்திட்டாக வரும். கொடிகள் வெளிறி, வளர்ச்சி குன்றி, நண்பகலில் தண்ணீர் பாய்ந்திருந்தும் வாடி, மாலையில் தேறும். உரம் வைத்தாலும் எழும்பாது. அங்கே ஒரு கொடியைத் தோண்டிப் பாருங்கள். வேரில் முடிச்சு முடிச்சாக வீங்கியிருந்தால் வேர்முடிச்சு நூற்புழு. மல்லாட்டை விவசாயிகளுக்கு வேர் முடிச்சு புதிதல்ல என்பதால் இங்கே ஒரு குழப்பம் வரும். மல்லாட்டை வேரில் காண்பது நன்மை செய்யும் முடிச்சு. அது வேரின் பக்கத்தில் ஒட்டியிருக்கும், விரலால் தள்ளினால் உதிர்ந்துவிடும், கிள்ளினால் உள்ளே இளஞ்சிவப்பாக இருக்கும். முல்லை வேரில் காணும் நூற்புழு முடிச்சு வேரே வீங்கியது. பிய்த்தால் வேரும் சேர்ந்துதான் பிய்யும்.

கத்தரி, தக்காளி, கனகாம்பரம் இவற்றில் இந்த நூற்புழு நன்கு பெருகும். அவை இருந்த நிலத்தில் உடனே முல்லை வைப்பது புழுவின் வாயில் நாற்றைக் கொடுப்பதாகும். கனகாம்பரம் பட்டுப்போன இடத்தில் முல்லையாவது வரட்டும் என்று வைப்பவர்களைப் பார்க்கிறேன். அது பட்டுப்போன காரணத்தை முதலில் பார்க்க வேண்டும். முன்பு இதற்குச் சிபாரிசு செய்யப்பட்ட ஆல்டிகார்ப் குருணை இன்று தடைசெய்யப்பட்ட நஞ்சு. யாராவது பழைய சரக்கு இருக்கிறது என்று கொடுத்தாலும் வாங்க வேண்டாம். வேப்பம் பிண்ணாக்கும் நன்கு மக்கிய தொழுவுரமும் கொடியைச் சுற்றி மண்ணில் கலந்து இடுவதும், இடைவெளியில் செண்டுமல்லி பயிரிடுவதும் புழுவைக் குறைக்கும், அடியோடு ஒழிக்காது. நடுமுன்பே மண்ணைப் பரிசோதித்துக்கொள்வதற்கு ஈடான வழி வேறில்லை.

நான்காவதுதான் கொடியைக் கொன்றுவிடுவது. ஒரே ஒரு கொடியில் அடி இலைகள் மஞ்சளாகி, சில நாட்களில் மேலேயும் பரவி, கொடி காய்ந்துவிடும். தண்டடியில் மண்ணை ஒதுக்கிப் பார்த்தால் பட்டை அழுகியிருக்கும். அங்கே வெள்ளை நூலும், கடுகு அளவில் பழுப்பு உருண்டைகளும் இருந்தால், அது நம் மணிலா விவசாயிகளுக்குப் பழக்கமான எதிரிதான். மணிலாவில் தண்டழுகல் உண்டாக்கும் அதே பூசணம் முல்லையின் அடித்தண்டையும் அழுகச் செய்கிறது. அந்தக் கடுகு உருண்டைகள் மண்ணில் நெடுநாள் உயிரோடு கிடக்கும். மணிலாவில் தண்டழுகல் கண்ட நிலத்தை உடனே முல்லைக்கு எடுக்க வேண்டாம். எடுத்தே தீர வேண்டுமானால் நடுமுன் டிரைக்கோடெர்மாவைத் தொழுவுரத்தில் கலந்து குழியில் இட வேண்டும். நோய் கண்ட கொடியை அடிமண்ணோடு அள்ளி அப்புறப்படுத்தி, சுற்றியுள்ள கொடிகளின் தூரில் காப்பர் ஆக்சிகுளோரைடு லிட்டருக்கு 2.5 கிராம் கரைசலை ஊற்ற வேண்டும். டிரைக்கோடெர்மா ஓர் உயிர்ப் பொருள். தாமிர மருந்து ஊற்றிய கையோடு அதையும் இட்டால் செத்துப்போகும். இரண்டுக்கும் நடுவே சில வாரம் இடைவெளி வேண்டும்.

இலை ஓரம் மட்டும் கருகுவது பெரும்பாலும் உப்புநீரின் வேலை. கிணற்று நீரைப் பரிசோதித்துப் பாருங்கள்.

மற்றவை

அடர்ந்து நிழலான அடிப்பகுதியில், மழைக்காலத்தில், இலைகளைப் பட்டு நூலால் பின்னி உள்ளிருந்து பச்சையத்தைச் சுரண்டி நரம்பை மட்டும் மிச்சம் வைப்பது இலைபிணைக்கும் புழு. கால் ஏக்கர் இளங்கொடிக்கு மருந்தே வேண்டாம். பின்னிய இலைகளைக் கையால் கிள்ளி மண்ணெண்ணெய் கலந்த நீரில் போட்டால் போயிற்று. மிகுந்தால் 5 சத வேப்பங்கொட்டைச் சாறு தெளிக்கலாம். ஐந்து கிலோ பருப்பை இடித்து இரவு ஊறவைத்து, வடிகட்டி, 100 லிட்டராக்கி, சிறிது காதி சோப்பு கரைத்துவிட்டால் சாறு தயார்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் இலையின் மேல் செம்பழுப்பு வட்டப் புள்ளிகள் தோன்றினால் இலைப்புள்ளி நோய். இதுதான் உண்மையான பூசணம். மான்கோசெப் லிட்டருக்கு 2 கிராம் தெளிக்கலாம். நெருக்கமாக நட்டால் காற்றோட்டம் இன்றி இது கூடும். முல்லைக்கு ஐந்தடிக்கு ஐந்தடி இடைவெளி வேண்டும்.

கொடியில் எறும்புச் சாரி ஏறினால் எறும்பைக் கொல்லப் புறப்பட வேண்டாம். அது எங்கே போகிறது என்று பின்தொடருங்கள். மாவுப்பூச்சியோ செதில்பூச்சியோ வெள்ளை ஈயோ சுரக்கும் தேனுக்காகத்தான் போகிறது. இலையில் கரிபோல் படிவதும் அந்தத் தேன் மீது வளரும் பூசணமே; பூச்சி போனால் அதுவும் போகும்.

இலையில் மஞ்சள் வளையங்கள் கோலமிட்டதுபோல் இருந்தால் அது நச்சுயிரி நோயாக இருக்கலாம். அதற்கு மருந்து கிடையாது. அந்தக் கொடியிலிருந்து ஒரு குச்சியும் எடுக்காமல் பிடுங்கிவிடுவதே நல்லது. மல்லிகை இன நாற்றுகள் இராமேசுவரம் தீவில் உள்ள தங்கச்சிமடத்திலிருந்தெல்லாம் லாரியில் வருகின்றன. வாங்கும்போது கட்டைப் பிரித்து இலை உள்ள நாற்றுகளைத் திருப்பிப் பார்த்து வாங்குவதில் வெட்கம் வேண்டாம்.

பூச்சியுமில்லை, புள்ளியுமில்லை, ஆனால் கொழுந்து மட்டும் கிண்ணம்போல் குவிந்து அல்லது நாடாபோல் நீண்டு முறுக்கிக்கொண்டிருக்கிறது, அதுவும் ஒரு வரப்போரம் மட்டும் என்றால் பக்கத்து நெல்லுக்கோ கரும்புக்கோ 2,4-டி களைக்கொல்லி அடித்தார்களா என்று விசாரியுங்கள். காற்றில் வரும் சிறு துளியே முல்லைக்குப் போதும். தண்ணீர் பாய்ச்சிப் பொறுத்திருந்தால் இலேசாகப் பட்ட கொடி தேறிவிடும். களைக்கொல்லி அடித்த அதே தெளிப்பானை முல்லைக்கும் எடுத்துக்கொண்டு வந்து தானே தன் கொடியைக் கெடுத்துக்கொண்டவர்களும் உண்டு. இதற்குத் தனித் தெளிப்பான் வைத்துக்கொள்வதுதான் வழி.

பூப் பறிப்பவர்களை மறக்க வேண்டாம்

முல்லை அரும்பை விடியுமுன் பறிக்கிறோம். பறிப்பவர்கள் பெரும்பாலும் பெண்கள். பனியில் நனைந்த கொடியில் வெறுங்கையை விட்டுப் பறிக்கிறார்கள். முந்தின மாலை அடித்த நஞ்சு அந்த ஈரத்தில் கரைந்து அவர்கள் கையில்தான் படியும். அன்று மதியத்துக்குள் அதே பூ யாரோ ஒரு குழந்தையின் பின்னலில் ஏறும். பூவுக்கு அடிக்கும் மருந்தை வாய்க்குள் போவதில்லை என்று அளவில்லாமல் அடிக்கும் வழக்கம் நம்மிடம் இருக்கிறது. அது சரியல்ல. முல்லைச் சிலந்திக்கு முன்பு பரிந்துரைத்த டைக்கோபாலும், அரும்புப் புழுவுக்குப் பரிந்துரைத்த மோனோகுரோட்டோபாசும் 2023-இல் ஒன்றிய அரசின் ஆணையால் தடைசெய்யப்பட்டவை. பழைய பயிர்ப் பாதுகாப்புக் கையேடுகளில் இந்தப் பெயர்கள் இன்னும் இருக்கும். அதைப் பார்த்து வாங்கக் கூடாது. எந்த மருந்தானாலும் பறிப்பு முடிந்த காலையில் தெளித்து, டப்பாவில் குறித்துள்ள நாட்கள்வரை பறிப்பை நிறுத்த வேண்டும். பறிப்பவர்களிடம் இன்ன நாளில் மருந்து அடித்தோம் என்று சொல்லிவிட வேண்டும்.

கண்டுபிடிக்க முடியாவிட்டால் திண்டிவனத்தில் உள்ள வேளாண் அறிவியல் நிலையத்துக்கு மாதிரி கொண்டு போகலாம். இலையைப் பாலிதீன் பையில் போட்டால் வேர்த்து அழுகிவிடும். செய்தித்தாளில் பரப்பி மடித்து எடுத்துப் போங்கள். வேரும் மண்ணும் அதற்கு நேர்மாறு. காய்ந்தால் நூற்புழு செத்துவிடும், ஆகவே ஈரத்தோடு பாலிதீன் பையில் கட்டி, வெயில் படாமல் கொண்டு போக வேண்டும். செத்த கொடியை எடுத்துப்போவதில் பயனில்லை. பாதி வாடிய கொடி ஒன்று, நல்ல கொடி ஒன்று என இரண்டையும் காட்டுவது நல்லது. கடைசியாக என்ன உரம் வைத்தீர்கள், என்ன மருந்து அடித்தீர்கள், முந்தைய பயிர் என்ன என்பதை ஒரு சீட்டில் எழுதிக்கொண்டு போங்கள்.

முல்லையைத் தை மாதத்தில், தரையிலிருந்து ஒன்றரை அடி உயரத்தில் கவாத்து செய்வது வழக்கம். வெண்மயிர் கண்ட தோட்டத்தில் அந்த வேளையைத் தவறவிட வேண்டாம். வெட்டிய கழிவு அனைத்தையும் அன்றே எரித்துவிட்டு, துளிர் விட்டதும் கந்தகம் ஒருமுறை தெளித்தால், மாசி, பங்குனியில் வரும் கொழுந்து பெரும்பாலும் சுத்தமாக வரும். பாதித்த கொடிகளைக் கடைசியில் வெட்ட வேண்டும். முதலில் வெட்டினால் கத்தியே பேனை மற்றக் கொடிகளுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும்.